ஒற்றைப் படுக்கையறை வீட்டுக்கு ஐந்து விருந்தினர்: கையைக் கடிக்காமல் லண்டனைச் சுற்றிக்காட்ட வழி உண்டா?

மழைக்குடை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கல்லூரித் தோழன் ஒருவன் ஆகஸ்டில் குடும்பத்தோடு லண்டன் வருகிறான். அவன், அவன் மனைவி, 13 வயது மகள், 9 வயது மகன், எழுபதைத் தாண்டிய அம்மா. 10 நாள் தங்குகிறார்கள். நாங்கள் இருப்பது ஈஸ்ட் ஹாமில். ஒரு படுக்கையறை, ஒரு கூடம், ஒரே குளியலறை. எங்களுக்கு இரண்டு வயதில் ஒரு குழந்தை இருக்கிறது.

விசாவுக்கு அழைப்புக் கடிதம் கொடுத்தேன். விசா வந்துவிட்டது, விமான டிக்கெட்டும் எடுத்துவிட்டான். போனில் பேசும்போதெல்லாம் "நீ இருக்கும்போது எனக்கென்ன கவலை" என்கிறான். அந்த ஒரு வாக்கியத்துக்குள் எத்தனை பவுண்டு ஒளிந்திருக்கிறது என்பதுதான் என் கவலை. தங்கமான மனிதன். நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் எந்த நேரமானாலும் விமான நிலைய வாசலில் காருடன் நிற்பவன். ஆனால் வாடகையும் குழந்தைக் காப்பகக் கட்டணமும் போனபின் எங்களிடம் மிஞ்சுவது வெளியில் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. அவனோ லண்டன் டவர் கோட்டை, லண்டன் ஐ ராட்டினம், மெழுகுச் சிலைகள், ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டம், "முடிந்தால் ஒரு எட்டு பாரிஸ்" என்று பட்டியல் அனுப்பியிருக்கிறான்.

அலுவலகத்தில் மூன்று நாள்தான் விடுப்பு கிடைத்திருக்கிறது. மனைவிக்கு அதுவும் இல்லை. இவர்களை எங்கே படுக்கவைப்பது, எதைக் காட்டுவது, பணப் பேச்சை எப்படி எடுப்பது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

நீங்கள் கடைசியாகக் கேட்டதைத்தான் முதலில் தீர்க்க வேண்டும். பணப் பேச்சை அவர்கள் விமானம் ஏறும் முன்பே பேசிவிடுங்கள். வந்து இறங்கியபின் பேசினால், டவர் வாசலில் டிக்கெட் கவுன்டருக்கு முன்னால் இருவரும் ஒரே நேரத்தில் பர்ஸை எடுத்து, "நீ இரு, நான் கொடுக்கிறேன்" என்று மல்லுக்கட்டி, கடைசியில் நீங்கள்தான் கொடுப்பீர்கள். அன்று மாலையே இன்னொரு இடம்.

நான் கடைப்பிடிக்கும் பிரிவினை இது: படுக்கை, காலை உணவு, இரவுச் சாப்பாடு என் பொறுப்பு. ஊருக்குள் போய்வரும் செலவு, நுழைவுச்சீட்டு, வெளியில் வாங்கித் தின்பது விருந்தினர் பொறுப்பு. ஒரே ஒரு நாள் எல்லோரையும் நான் வெளியே அழைத்துப்போய்ச் சாப்பாடு வாங்கிக் கொடுப்பேன். அதை முன்கூட்டியே சொல்லிவிடுவேன், அப்போதுதான் மற்ற நாட்களில் யாரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள்.

அவர் அனுப்பிய பட்டியலை நீங்கள் வெட்டாதீர்கள். ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு பெரியவர், ஒரு முதியவர், இரண்டு பிள்ளைகளுக்கான கட்டணம் அந்தந்த இணையதளத்திலேயே இருக்கும். கூட்டித் தொகையை மட்டும் எழுதி, "எது எதற்குப் போகலாம் என்று நீயே முடிவு செய், முன்பதிவு செய்தால் கொஞ்சம் குறையும்" என்று அனுப்புங்கள். அவர் அதை ரூபாயில் பெருக்கிப் பார்ப்பார். பட்டியல் தானாகச் சுருங்கும், உங்களுக்குக் கெட்ட பெயரும் வராது.

---

இரண்டாம்மாடி எழுதியது:

பணத்தை விடுங்கள், குளியலறையைக் கவனியுங்கள்.

நம் ஊர்க் குளியலறையில் தரையிலேயே தண்ணீர் போக வழி இருக்கும். இங்கே பெரும்பாலான வீடுகளில் கிடையாது. தொட்டிக்கு வெளியே சிந்தும் தண்ணீர் ஓரங்களில் இறங்கி, கீழ்வீட்டுக் கூரையில் பழுப்பு வட்டமாகத் தெரியும். பழுதுபார்க்கும் செலவு உங்கள் தலையில் விடிந்தால், விருந்தினரின் டவர் டிக்கெட்டெல்லாம் சில்லறைக் காசாகத் தோன்றும். ஆகவே வந்த அன்றே, பெட்டியைத் திறக்கும் முன்னால், திரைச்சீலையைத் தொட்டிக்கு உள்ளே விட்டுக் குளிப்பது எப்படி என்று எல்லோருக்கும் காட்டிவிடுங்கள். பாட்டியம்மாவுக்குத் தொட்டிக்குள் காலைத் தூக்கி வைப்பதே சிரமமாக இருக்கலாம். வழுக்காத ரப்பர் விரிப்பு ஒன்றும், உட்கார்ந்து குளிக்க ஒரு சிறிய பிளாஸ்டிக் முக்காலியும் வாங்கி வையுங்கள், கூடவே ஒரு சொம்பும்.

வெந்நீர் சிலிண்டர் உள்ள வீடு என்றால் மூன்றாவது ஆளுக்குப் பச்சைத் தண்ணீர்தான். பாதிப் பேர் இரவிலேயே குளித்துவிட வேண்டும். தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்து, அடுப்புக்கு மேலிருக்கும் மின்விசிறியைப் போட வேண்டும், இல்லாவிட்டால் புகை அலாரம் குடியிருப்பையே எழுப்பிவிடும்.

ஐந்து பேரும் பத்து இரவும் உங்கள் கூடத்தில் என்பது நடக்காத காரியம். அதிலும் இரண்டு வயதுக் குழந்தை இருக்கும் வீடு. வாடகை ஒப்பந்தத்தில் விருந்தினர் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஒன்றுமே எழுதவில்லை என்றாலும் வீட்டுக்காரருக்கு ஒரு வரி தெரிவித்துவிடுவது நல்லது. என் யோசனை: அம்மா உங்கள் வீட்டில், அதுவும் படுக்கையறையில். மற்ற நால்வருக்கும் வெளியே ஓர் அறை. மலிவு விடுதித் தொடர்களில் இரண்டு பெரியவர் இரண்டு பிள்ளைகளுக்குக் குடும்ப அறை உண்டு, இப்போதே பதிவு செய்தால் விலை தாங்கும். இன்னொரு வழி பலருக்குத் தெரிவதில்லை. கோடை விடுமுறையில் பல்கலைக்கழக மாணவர் விடுதிகள் காலியாக இருக்கும், அறைகளைப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். லண்டன் பொருளாதாரக் கல்லூரியின் விடுதிகள் அதில் பெயர் பெற்றவை. ஆடம்பரம் இருக்காது, நகரத்தின் நடுவில் இருக்கும். சிறுவர்களை ஏற்றுக்கொள்கிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், ஒவ்வொரு விடுதிக்கும் ஒவ்வொரு விதி.

---

பயணச்சீட்டு எழுதியது:

போக்குவரத்துக்கு வருகிறேன். இதில்தான் வந்தவர்கள் தெரியாமலே பணத்தைக் கொட்டுகிறார்கள்.

முதலில் ஒரு நல்ல செய்தி. ஈஸ்ட் ஹாமில் இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். டிஸ்டிரிக்ட் பாதை உங்கள் நிலையத்திலிருந்து நேராக டவர் ஹில், வெஸ்ட்மின்ஸ்டர், செயின்ட் ஜேம்ஸஸ் பார்க், விக்டோரியா, சவுத் கென்சிங்டன் என்று போகிறது. டவரும் டவர் பாலமும், நாடாளுமன்றமும், அரண்மனையும், இயற்கை வரலாற்று அருங்காட்சியகமும் ஒரே ரயிலில், ஏறி இறங்கி மாறாமல். முதல் நாள் நீங்கள் கூடப் போய்க் காட்டிவிட்டால் மறுநாளிலிருந்து அவர்களே போய்வருவார்கள்.

அட்டை ஒருவருக்கு ஒன்று. ஒரே அட்டையை இருவர் தட்ட முடியாது. தட்டிச் செலுத்தும் கான்டாக்ட்லெஸ் வங்கி அட்டை, ஓய்ஸ்டர் என்ற லண்டன் பயண அட்டை இரண்டுக்கும் பெரியவர்களுக்குக் கட்டணம் ஒன்றுதான். ஆனால் இந்திய வங்கி அட்டை என்றால் அந்நியச் செலாவணிக் கட்டணம் எவ்வளவு பிடிப்பார்கள் என்று ஊரிலேயே கேட்டுவரட்டும். காலையில் அட்டையையும் மாலையில் அதே அட்டை ஏற்றிய போனையும் தட்டக் கூடாது. கணினி அதை இரண்டு பயணிகளாக எண்ணும், ஒரு நாளைக்கு இதற்குமேல் பிடிப்பதில்லை என்ற தினசரி உச்சவரம்பு கைக்கு எட்டாது.

9 வயதுப் பையனுக்குச் செலவே இல்லை. 11 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பஸ் இலவசம், டியூப் என்ற சுரங்க ரயிலிலும் கட்டணம் செலுத்தும் பெரியவரோடு போனால் இலவசம். 13 வயதுப் பெண்ணுக்கு ஒரு ஓய்ஸ்டர் வாங்கி, நிலைய ஊழியரிடம் சொல்லி "யங் விசிட்டர்" சலுகையை ஏற்றிக்கொள்ளுங்கள். 11 முதல் 15 வயதுவரை பாதிக் கட்டணம், 14 நாள்வரை செல்லும். வங்கி அட்டையில் இந்தச் சலுகை வராது. வயதுக்கு ஆதாரமாகப் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

வார நாட்களில் காலை 6.30 முதல் 9.30 வரையும் மாலை 4 முதல் 7 வரையும் டியூப் கட்டணம் கூடுதல். விடுமுறைக்கு வந்தவர்கள் 9.30க்கு முன் எங்கே போகப்போகிறார்கள்? நிதானமாக இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பட்டும்.

பஸ் பிரியர் என்றால் இன்னும் மலிவு. 2025 கட்டணப்படி ஒரு பஸ் பயணம் 1.75 பவுண்டு. முதல் தடவை தட்டியதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறினாலும் மறுபடி பிடிக்க மாட்டார்கள். நாள் முழுக்கப் பஸ்ஸிலேயே சுற்றினாலும் 5.25 பவுண்டோடு நின்றுவிடும். பஸ்ஸில் 2014லிருந்து ரொக்கம் வாங்குவதே இல்லை. டிராஃபல்கர் சதுக்கத்தில் 15ஆம் எண் பஸ்ஸின் மேல்மாடியில் முன் இருக்கையைப் பிடித்தால் பிளீட் தெரு, செயின்ட் பால் தேவாலயம், டவர் எல்லாம் தானாகக் கண்முன் வரும். திறந்த கூரைச் சுற்றுலாப் பஸ்ஸுக்குக் கொடுக்கும் காசு மிச்சம்.

ஹீத்ரோவிலிருந்து வரும்போது விளம்பரத்தைப் பார்த்து எக்ஸ்பிரஸ் ரயிலில் ஏறிவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். பிக்காடில்லி பாதைதான் மலிவு, ஆனால் மெதுவானது, பெட்டியோடு நெருக்கியடிக்கும். பாட்டியம்மா இருப்பதால் எலிசபெத் பாதையில் வொயிட்சாப்பல் வந்து, அங்கே டிஸ்டிரிக்ட் மாறுவது தேவலை. ஐந்து பேருக்கும் பெட்டிகளுக்கும் சேர்த்து முன்பதிவு வாடகை வேன் என்ன கேட்கிறது என்றும் விசாரியுங்கள், சில நேரம் வித்தியாசம் அவ்வளவாக இருக்காது.

---

மதுரையிலிருந்து ஒருத்தி எழுதியது:

எல்லோரும் விருந்தோம்புகிற பக்கத்திலிருந்தே பேசுகிறீர்கள். நான் விருந்தாளியாக வந்துபோனவள், எங்கள் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

கணக்குப்பிள்ளை ஐயா சொல்கிற தொகைப் பட்டியலை எழுத்தில் அனுப்பினால் அது பில் மாதிரிதான் வந்து சேரும். அவர் மனைவி அதைப் பார்த்தால் "நாம் போவதே வேண்டாம்" என்பாள். நான் அப்படித்தான் சொல்லியிருப்பேன். இதையெல்லாம் வாயால் பேசுங்கள், சிரித்துக்கொண்டே பேசுங்கள். "மச்சான், எனக்கு இங்கே இழுபறிதான், டிக்கெட்டெல்லாம் நீ பார்த்துக்கொள், சோறு நான் போடுகிறேன்" என்றால் எந்தச் சிநேகிதனும் கோபித்துக்கொள்ள மாட்டான்.

இன்னொன்று. ஊரிலிருந்து வருகிறவர்களுக்குக் கோட்டை கொத்தளம் மட்டும் போதாது. என் தோழி என்னைச் சூப்பர் மார்க்கெட்டுக்கு அழைத்துப்போனதும், அவள் மகன் பள்ளிக்கு நடந்துபோகிற வழியைக் காட்டியதும், பூங்காவில் சும்மா உட்கார்ந்திருந்ததும்தான் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மெழுகுச் சிலைகளின் புகைப்படங்களை நான் திருப்பிப் பார்த்ததே இல்லை. அப்புறம் எங்களைச் சமையலறையில் விடுங்கள். வேலைக்குப் போய்வரும் பெண்ணைச் சமைக்கவிட்டு, உட்கார்ந்து சாப்பிடுவது எங்களுக்கு எவ்வளவு கூச்சம் என்பது உங்களுக்குப் புரிவதில்லை.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

சகோதரி சொல்வதில் பாதியை ஏற்றுக்கொள்கிறேன். வாயால் பேசலாம். ஆனால் பேசியபின் தொகையை எழுத்திலும் அனுப்புங்கள். "ஏதோ முப்பது நாற்பது ஆகும் என்றாயே" என்பதில் ஆரம்பித்த மனத்தாங்கல்களை நிறையப் பார்த்தாகிவிட்டது. அது மொத்தக் குடும்பத்துக்கா, தலைக்கா என்பதில்தான் எப்போதும் குழப்பம்.

---

புளூம்ஸ்பரி நடையன் எழுதியது:

நான் ஓய்வு பெற்றவன். ஊரிலிருந்து யார் வந்தாலும் பிள்ளைகள் என்னிடம் தள்ளிவிடுகிறார்கள், எனக்கும் பொழுது போகிறது. ஒரு நாள் நடையை முழுதாகச் சொல்கிறேன். இதில் நுழைவுக் கட்டணம் என்று ஒரு காசு கிடையாது.

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் தொடங்குங்கள். 1759இல் பொதுமக்களுக்குத் திறந்த இடம். நிரந்தரக் காட்சிக்கூடங்கள் இலவசம், நேரச்சீட்டை இணையத்தில் முன்பே எடுத்தால் வாசலில் காத்திருப்பு குறையும். எல்லாவற்றையும் பார்க்கக் கிளம்பாதீர்கள், பாட்டிக்குக் கால் போய்விடும், பையனுக்குப் பொறுமை போய்விடும். ரொசெட்டா கல், எகிப்திய மம்மிகள், அமராவதி. இந்த மூன்று போதும்.

அமராவதியைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆந்திரத்து அமராவதித் தூபியின் சுண்ணாம்புக்கல் சிற்பங்கள். 1845இல் மதராஸ் சிவில் அதிகாரி வால்டர் எலியட் தோண்டி எடுத்து மதராசுக்கு அனுப்பினார், பின்னர் அவை கப்பலேறி இங்கே வந்தன. அமராவதிச் சிற்பங்களில் இன்னொரு பெரிய தொகுதி நம் எழும்பூர் அருங்காட்சியகத்திலேயே இருக்கிறது. எழும்பூரைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கூடத்தில் நிற்கும்போது ஏற்படுவது பெருமையா எரிச்சலா என்று அவரவர் முடிவு செய்துகொள்ளலாம். என்னிடம் கேட்டால் எரிச்சல்தான். ஆனாலும் பார்க்காமல் வரக் கூடாது.

வெளியே வந்து ரஸ்ஸல் சதுக்கத்தில் உட்கார்ந்து, கையில் கொண்டுபோன புளியோதரையைச் சாப்பிடுங்கள். பக்கத்திலேயே ஆசிய, ஆப்பிரிக்கப் படிப்புகளுக்கான சோவாஸ் கல்லூரி. அதன் வளாகத்தில் திருவள்ளுவர் சிலை இருக்கிறது, 1996இல் வைத்தார்கள். வருகிற தமிழர் அத்தனை பேரும் அங்கே படம் எடுத்துக்கொள்கிறார்கள், என்னிடமே ஒரு ஆல்பம் சேர்ந்துவிட்டது. அங்கிருந்து சில நிமிட நடையில் டாவிஸ்டாக் சதுக்கம். நடுவில் 1968இல் நிறுவப்பட்ட காந்தி சிலை, சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பார். காலடியில் எப்போதும் யாராவது பூ வைத்திருப்பார்கள்.

வடக்கே போய் யூஸ்டன் சாலையைக் கடந்தால் பிரிட்டிஷ் நூலகம். அதன் அரும்பொருள் கூடமும் இலவசம். மேக்னா கார்ட்டா, குட்டன்பர்க் பைபிள், பீட்டில்ஸ் குழுவினர் கைப்பட எழுதிய பாடல் வரிகள் என்று அரையிருட்டில் வைத்திருக்கிறார்கள். 13 வயதுப் பெண் அதுவரை பொறுத்திருந்ததற்குப் பரிசாகப் பக்கத்துக் கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் ஹாரி பாட்டரின் 9¾ நடைமேடை. சுவரில் பாதி புதைந்த தள்ளுவண்டியோடு நின்று நம் போனில் படம் எடுக்கக் காசில்லை. வரிசைதான் நீளம், பக்கத்துக் கடைக்குள் நுழைந்தால் நான் பொறுப்பில்லை.

மொத்த நடை ஏறக்குறைய 2 கிலோமீட்டர். வழிநெடுக உட்கார இடம் உண்டு. வெள்ளிக்கிழமை என்றால் தலைகீழாகவும் போகலாம், அன்று அருங்காட்சியகம் இரவு 8.30 வரை திறந்திருக்கும், கூட்டமும் குறைவு.

---

தேம்ஸ்கரை எழுதியது:

நடையன் ஐயாவின் வழி அருமை. நான் அந்தப் பட்டியலுக்கு வருகிறேன்.

காசு கொடுத்துப் பார்க்க ஒன்றே ஒன்று என்றால் டவர். கோஹினூர் அங்கேதான் இருக்கிறது. அதைப் பார்க்காமல் ஊருக்குப் போனால் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லி மாளாது. காலையில் திறந்ததும் உள்ளே போய் முதலில் நகைக் கூடத்துக்கு நடந்துவிட வேண்டும், பதினொரு மணிக்கு மேல் வரிசை நகராது. வெளியே வந்து டவர் பாலத்தில் நடப்பது இலவசம். பாலம் தூக்கும் நேரங்களை அவர்கள் இணையதளத்திலேயே போடுகிறார்கள், ஆண்டுக்கு ஏறக்குறைய 800 முறை தூக்குகிறார்கள். ஒரு நேரத்தைப் பார்த்துப் பையனைக் கரையில் நிறுத்திவிடுங்கள்.

லண்டன் ஐ தேவையே இல்லை. உயரத்திலிருந்து ஊரைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதானே? 22 பிஷப்ஸ்கேட் கட்டடத்தின் 58ஆம் மாடியில் ஹொரைசன் 22 இருக்கிறது, இலவசம். பென்சர்ச் தெருவில் ஸ்கை கார்டன், அதுவும் இலவசம். இரண்டுக்கும் முன்பதிவு வேண்டும். சில வாரங்களுக்கு முன்னால்தான் இடங்களைத் திறப்பார்கள், அந்திவேளை இடங்கள் உடனே தீர்ந்துவிடும். நாட்காட்டியில் குறித்துவைத்துக்கொண்டு பிடியுங்கள்.

அரண்மனை வாசலில் காவலர் மாறும் சடங்கை மூன்று வரிசைத் தலைகளுக்குப் பின்னால் நின்று பார்ப்பதற்குப் பதில் ஹார்ஸ் கார்ட்ஸ் போங்கள். குதிரைப்படைக் காவலர் மாறுவது அங்கே தினமும் காலை 11 மணிக்கு, ஞாயிறு மட்டும் 10. குதிரைகள் கைக்கெட்டும் தூரத்தில். முடிந்ததும் எதிரே செயின்ட் ஜேம்ஸஸ் பூங்கா. அங்கே பெலிக்கன் பறவைகள் உண்டு, 1664இல் ரஷ்யத் தூதர் அரசருக்குக் கொடுத்ததில் தொடங்கிய வழக்கம்.

வெஸ்ட்மின்ஸ்டர் ஆபியின் நுழைவுக் கட்டணம் கசக்கிறது என்றால் மாலை வழிபாட்டுக்குப் போகலாம். கட்டணம் கிடையாது, பாடகர் குழு பாடும். படம் எடுக்கவும் சுற்றி நடக்கவும் கூடாது. பாட்டியம்மாவுக்குக் கோவிலில் உட்கார்ந்த திருப்தி இருக்கும், பையனை மட்டும் யாராவது வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.

கிரீனிச்சுக்கு ஒரு நாள். டிஎல்ஆர் ரயிலில் ஓட்டுநர் அறையே கிடையாது. முன் இருக்கை கிடைத்தால் 9 வயதுக்காரன் தானே ரயிலை ஓட்டிக்கொண்டு போவான். கடற்துறை அருங்காட்சியகம் இலவசம், குன்றுமேல் ஏறினால் ஊரே தெரியும். வானாய்வகத்தின் முற்றத்துக்குள் போய், உலகின் கிழக்கு மேற்கைப் பிரிக்கும் பூஜ்யத் தீர்க்கரேகையில் நிற்கக் கட்டணம் உண்டு, ஆனால் அதே கோடு வெளிச்சுவரிலும் ஓடுகிறது. திரும்பும்போது ஆற்றுக்கு அடியில் 1902இல் திறந்த நடைச் சுரங்கம் வழியாக மறுகரைக்கு வரலாம்.

---

இரவுப்பணி எழுதியது:

மருத்துவமனையில் வேலை செய்கிறேன். ஒரே ஒரு விஷயம், தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்: அம்மாவுக்குப் பயணக் காப்பீடு.

சுற்றுலா விசாவில் வருபவருக்கு அவசரப் பிரிவில் பார்ப்பது இலவசம். அங்கிருந்து வார்டில் சேர்த்துவிட்டால் கட்டணம் தொடங்கிவிடும், அதுவும் என்எச்எஸ் என்ற அரசு மருத்துவச் சேவையின் விலைக்கு ஒன்றரை மடங்கு. ஓர் இடுப்பெலும்பு முறிவு உங்கள் தோழரின் பல வருடச் சேமிப்பை விழுங்கிவிடும். சர்க்கரை, ரத்த அழுத்தம், பழைய இதய நோய் எதையும் மறைக்காமல் எழுதி, அதையும் உள்ளடக்கிய காப்பீடாக எடுக்கச் சொல்லுங்கள். மறைத்து எடுத்த காப்பீடு காகிதம்தான்.

மாத்திரைகளை மருத்துவர் சீட்டோடு, தங்கும் நாட்களைவிடச் சில நாள் கூடுதலாக, கைப்பையில் கொண்டுவர வேண்டும். அவசரமில்லாத சந்தேகத்துக்கு 111, உயிருக்கு ஆபத்தென்றால் 999. இரண்டையும் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவையுங்கள். நீங்கள் அலுவலகத்தில் இருக்கும்போது அந்த அம்மா வீட்டில் தனியாக இருக்கக்கூடும்.

---

புதுமுகம் எழுதியது:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். அவர் பாரிஸ் கேட்டிருக்கிறாரே, அதற்கு யாரும் பதில் சொல்லவில்லையே? ஸ்டோன்ஹெஞ்ச் மலிவாகப் போக வழி உண்டா?

---

பயணச்சீட்டு எழுதியது:

பாரிஸ் பேச்சுக்கே இடமில்லை. பிரிட்டன் விசா பிரிட்டனுக்கு மட்டும்தான். பாரிசுக்கு ஷெங்கன் என்ற ஐரோப்பிய விசா தனியாக வேண்டும், அதை இந்தியாவிலேயே எடுத்து வந்திருக்க வேண்டும். தோழருக்கு இதை இன்றே சொல்லிவிடுங்கள், யூரோஸ்டார் டிக்கெட் எதுவும் வாங்கிவைத்துவிடப்போகிறார்.

ஸ்டோன்ஹெஞ்சுக்கு ரயிலில் சாலிஸ்பரி, அங்கிருந்து பஸ், பிறகு நுழைவுச்சீட்டு. ஐந்து பேருக்குக் கூட்டினால் வலிக்கும். கற்களைப் பார்த்தே ஆக வேண்டும் என்ற தவிப்பு இல்லையென்றால் ஆக்ஸ்ஃபோர்ட் போங்கள். விக்டோரியாவிலிருந்து கோச் பஸ் உண்டு. 1683இல் திறந்த ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் இலவசம். கல்லூரிகள் பலவற்றில் உள்ளே போகக் காசு கேட்பார்கள், வெளியிலிருந்து பார்த்தாலும் அழகு குறையாது. ரயில்தான் வேண்டுமென்றால் மூன்று பெரியவர்கள் சேர்ந்து போவதால் குரூப்சேவ் சலுகை கேளுங்கள். பல ரயில் நிறுவனங்களில் நெரிசலில்லாத நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். 5 முதல் 15 வயதுவரை பாதிக் கட்டணம்.

---

மழைக்குடை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாக இதே வேலையாக இருந்தேன்.

மதுரைச் சகோதரி சொன்னபடி போனிலேயே பேசினேன். முதலில் ஒரு மௌனம். பிறகு அவனே, "நான் கேட்கலாமா வேண்டாமா என்று தவித்துக்கொண்டிருந்தேன்" என்றான். அவன் மனைவி ஏற்கெனவே தனியாக ஒரு தொகை ஒதுக்கி வைத்திருக்கிறாள், இவனுக்கே சொல்லவில்லையாம். கணக்குப்பிள்ளை ஐயா சொன்னபடி மறுநாள் தொகைகளையும் அனுப்பினேன். மெழுகுச் சிலையும் லண்டன் ஐயும் பத்து நிமிடத்தில் பட்டியலிலிருந்து போய்விட்டன. டவர் நிற்கிறது. ஸ்டோன்ஹெஞ்சை விட அவனுக்கு இன்னும் மனமில்லை. பாரிஸ் விசா விஷயம் அவனுக்கு உண்மையிலேயே தெரியாது.

தங்குவதில்தான் இழுபறி. அம்மாவுக்குப் படுக்கையறை என்றதும் என் மனைவி உடனே சரி என்றாள். ஆனால் நால்வரும் வெளியே தங்குவதை அவன் ஏற்கவில்லை. "வீடு இருக்கும்போது விடுதியா" என்கிறான். கடைசியில் முதல் மூன்று இரவும் கடைசி இரவும் எல்லோரும் இங்கே, நடுவில் அவர்கள் நால்வரும் நகருக்குள் ஒரு மாணவர் விடுதியில் என்று முடிந்தது. விடுதிக்குப் பாதி நான் தருகிறேன் என்றேன். அவன் பேச்சை மாற்றிவிட்டான், ஆகவே அது இன்னும் முடிவாகவில்லை.

என் விடுப்பில் ஒரு நாள் வந்திறங்கும் நாளுக்கு, ஒரு நாள் டவருக்கு, ஒரு நாள் சும்மா வீட்டில். மற்ற நாட்களில் டிஸ்டிரிக்ட் பாதையை நம்பி அனுப்பிவிடுகிறேன். நடையன் ஐயா, உங்கள் நடைக்கு மட்டும் நானும் வர ஆசை, வெள்ளிக்கிழமை மாலை வேலை முடிந்து வந்து சேர்ந்துகொள்ளலாமா என்று பார்க்கிறேன்.

---

இரண்டாம்மாடி எழுதியது:

கூடத்தில் நால்வர் என்றால் காற்றடிக்கும் மெத்தை வாங்காதீர்கள், நடு இரவில் இறங்கிவிடும். மடிக்கும் பஞ்சு மெத்தை யாரிடமாவது இரவல் கேளுங்கள். அவர்களுக்கென்று ஒரு சாவி நகல் எடுத்துவிடுங்கள், ஒவ்வொரு தடவையும் நீங்கள் வந்து கதவு திறக்க முடியாது. குளியலறைப் பாடத்தை மறக்க வேண்டாம்.

---

மதுரையிலிருந்து ஒருத்தி எழுதியது:

விடுதிக்குப் பாதி என்பதை விட்டுவிடுங்கள் தம்பி. அவர் பேச்சை மாற்றினார் என்றால் அவரே கொடுக்கப்போகிறார் என்று அர்த்தம். மறுபடி கேட்டால் சங்கடம்.

---

பயணச்சீட்டு எழுதியது:

கடைசியாக ஒன்று. வார இறுதிகளில் பராமரிப்புக்காகப் பாதைகளை மூடுவார்கள், ஆகஸ்டின் கடைசித் திங்கள் வங்கி விடுமுறை வேறு. அந்த வாரத்தில் அவர்கள் இருந்தால் முந்தின வியாழனே லண்டன் போக்குவரத்துத் துறையான டிஎஃப்எல் இணையதளத்தில் டிஸ்டிரிக்ட் ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள். ஓடவில்லையென்றால் பஸ்ஸில் ஸ்ட்ராட்ஃபோர்ட் போய்விடட்டும். எலிசபெத், ஜூபிலி, சென்ட்ரல் மூன்றும் அங்கே இருக்கின்றன, மூன்றும் ஒரே நாளில் நிற்பது அபூர்வம்.